பொருள்: ‘ஈகோசிஸ்டம்’: செயலிச் சூழலா, சூழற்றொகுதியா?

வணக்கம் சேர்,

சீனக் கம்பனி ஹுவாவேயின் ஹார்மனி ஓஎஸ் பற்றி உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். ‘ஒப்பரேட்டிங் சிஸ்டம்’ என்பதற்குப் ‘பணிசெயல் முறைமை’ என்று பாடநூலில் இருக்கிறது, அதில் கரைச்சல் இல்லை. ‘ஈகோசிஸ்டம்’ வந்த இடத்தில் நிற்கிறேன்.

தமிழ்நாட்டு நண்பர்கள் ‘செயலிச் சூழல்’ என்கிறார்கள். நிரலாக்கச் சூழல் என்று வேறொன்றுக்கும் எழுதுகிறோமே, இரண்டும் முட்டும். நமது விஞ்ஞானப் பாடத்தில் உள்ளது ‘சூழற்றொகுதி’. மட்டக்களப்பு வாவியும் கண்டலும் இறாலும் நண்டும் ஒன்றையொன்று நம்பி நிற்பது.

ஹார்மனியின் கதைக்கு அந்தத் ‘தொகுதி’ வேண்டும். 2019 மே மாதம் அமெரிக்கா ஹுவாவேயைத் தடைப்பட்டியலில் போட்டபோது ஆண்ட்ரொயிட் மூலநிரல் கைவிட்டுப் போகவில்லை, அது திறந்த மூலம், யாரும் எடுத்துப் பாவிக்கலாம். புதுப் போன்களுக்கு இல்லாமல் போனது பிளே ஸ்டோரும் கூகுள் சேவைகளும். கல்முனைக் கடையில் அந்தப் போனைக் கையில் எடுத்தவர் முதலில் கேட்பது, “இதுல கூகுள் இரிக்கா?” கெமரா எவ்வளவு திறமென்றாலும் போன் திரும்பப் பெட்டிக்குள் போகும். விண்டோஸ் போனும் இப்படித்தான் செத்தது: ஆள் இல்லையென்று செயலி வரவில்லை, செயலி இல்லையென்று ஆள் வரவில்லை.

ஹார்மனியைக் காப்பாற்றியது சீனச் சந்தையின் பருமன். 2021இல் கைபேசிக்கு வந்தபோது ஆண்ட்ரொயிட் செயலிகளும் அதில் ஓடின. 2024 ஒக்டோபரில் வந்த ஐந்தாம் பதிப்பு அந்த வழியை அடைத்தது. காசு கட்டும் அலிபே, சாப்பாடு கொண்டுவரும் மெய்துவான் எல்லாம் தங்கள் செயலியைப் புதிதாக எழுதின.

ஆகவே, ‘செயலிச் சூழற்றொகுதி’. சரியா?

---

தம்பி,

பொருள் சரி, நீளம் கூடிப்போச்சு. முதல் தரம் முழுதாக எழுதிப்போட்டு, பிறகு ‘சூழற்றொகுதி’ என்றே விடும்.

ஒன்று இடிக்குது. வாவிக்கு முதலாளி இல்லை. இங்கே கதவைத் திறக்கிறதும் பூட்டுறதும் கம்பனி. அதுக்கு மேலே அரசாங்கம். 2019இல் நடந்தது அதுதானே? பார்க்கப்போனால் இது இறால் பண்ணைக்குத்தான் கிட்ட. ‘செயலிப் பண்ணை’ என்று வைக்கச் சொல்லமாட்டன், பிள்ளைகள் சிரிக்கும். ஆனால் வரையறையில் அது வரவேணும்.

---

ஓம் சேர். சொற்பட்டியலில் இப்படிப் போடுகிறேன்:

சூழற்றொகுதி (கணினி): ஒரு பணிசெயல் முறைமையை நம்பி நிற்கும் செயலிகள், சேவைகள், கருவிகள், அவற்றை ஆக்குவோர், பாவிப்போர் அனைத்தும் சேர்ந்த தொகுதி. உள்ளே வருவதற்கான விதிகளை அந்த முறைமையின் உரிமையாளர் வகுப்பார்.