‘கேட்ச்’ நம்ம ‘கட்டு’தானா?

காசிமேட்டான்: நம்ம கட்டுமரத்தைத்தான் வெள்ளைக்காரன் ‘கேட்டமரான்’னு எடுத்துக்கிட்டான், அதுல யாருக்கும் சந்தேகமில்ல. அப்போ ‘கேட்ச்’ மட்டும் எங்கிருந்து வந்துச்சாம்? கட்டு, கட்ச், கேட்ச். காதுக்கே தெரியுதே.

ராயபுரம் அகராதி: காது சாட்சி செல்லாது அண்ணே. தேதியைப் பாருங்க. கேட்ச் 1200 வாக்கிலேயே ஆங்கிலத்துல எழுதப்பட்டிருக்கு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இங்க சென்னை மணல்ல இடம் வாங்குனது 1639. நானூறு வருஷம் முன்னாடி ‘கட்டு’ எந்தக் கப்பல்ல போச்சு? அப்புறம் ஒலி. கேட்டமரான்ல நம்ம ‘ட்டு’ ‘ட’வாவே நிக்குது. இதுல மட்டும் ஏன் ‘ச்’ ஆச்சு?

லத்தீன்ல ‘கபெரே’ன்னா பற்று. அதுல பிறந்தது ‘கப்தாரே’, பற்றப் பார். பேச்சு லத்தீன்ல ‘கப்தியாரே’ ஆகி, பிரான்ஸுக்குள்ள ரெண்டா பிரிஞ்சுது. நார்மண்டிப் பக்கம் ‘க’ நின்னுது, பாரிஸ் பக்கம் ‘ச’ ஆச்சு. 1066ல நார்மன்காரன் இங்கிலாந்தைப் பிடிச்சான். ‘க’ வழியில கேட்ச் வந்துச்சு, ‘ச’ வழியில சேஸ். ஒரு வயித்துப் பிள்ளைங்க. முதல்ல கேட்ச்சுக்கும் ‘துரத்து’ன்னு அர்த்தம் இருந்துச்சு.

காசிமேட்டான்: கபெரேவும், பிடுங்கிக்கிறதுக்கு நாம சொல்ற தமிழ் ‘கவர்’ரும் ஒண்ணு போலத்தானே இருக்கு?

ராயபுரம் அகராதி: அங்கதான் வழுக்கும். ஆங்கில ‘ஹேவ்’, லத்தீன் ‘ஹபேரே’, ரெண்டுக்குமே ‘வைத்திரு’ன்னு அர்த்தம், ஒலியும் ஒண்ணு போல. ஆனா சொந்தமே இல்ல! லத்தீன் ‘க’வுக்கு ஆங்கிலத்துல ‘ஹ’ வரும்: கொம்புக்கு கார்னு, ஹார்ன், நாய்க்கு கானிஸ், ஹவுண்ட். அந்தக் கணக்குல ஹேவுக்குப் பங்காளி கபெரேதான். இப்படி வரிசையாப் பொருந்தணும், ஒத்தைச் சொல் போதாது.

தண்டையார்பேட்டை டியூஷன்: இந்தப் பூர்வீகம் பிள்ளைங்களுக்கு எதுக்கு? அவங்க தடுக்கி விழுறது ‘பிடி’யில. கும்மிடிப்பூண்டி ட்ரெயினைப் பிடிக்கணும், இது கேட்ச். கயித்தைப் பிடிச்சுக்கோ, இது ஹோல்ட். போட்டோ பிடி, டேக். வஞ்சிரம் பிடிக்கும், லைக். எல்லாத்துக்கும் கேட்ச் போட்டு வைக்கிறாங்க. ‘சளி பிடிச்சிருக்கு’ன்னு இப்போ மூக்கு ஒழுகுறதைச் சொல்லணும்னா ஹேவ், கேட்ச்னா ஒட்டிக்கிட்ட நேரம்.

ராயபுரம் அகராதி: நீங்க சொன்னதுக்குப் பதிலே பூர்வீகத்துல இருக்கு டீச்சர். துரத்திப் பிடிக்கிறதுலேர்ந்து வந்த சொல், அதனால ஓடுற பொருள்மேலதான் உட்காரும்: பந்து, திருடன், ட்ரெயின், மீன். கையில ஏற்கெனவே இருக்கிற கயிறு ஓடாதே.

தண்டையார்பேட்டை டியூஷன்: அப்போ தீ பிடிக்கிறது? குடிசை எதைத் துரத்துச்சு?

ராயபுரம் அகராதி: அது பின்னாடி விரிஞ்ச அர்த்தம், ஒத்துக்கிறேன். ஆனா இறந்தகாலத்துக்கு ‘கேட்ச்டு’ன்னு எழுதற பையனுக்கு ஒரு வழி இருக்கு. பிரெஞ்சுலேர்ந்து வந்த வினைக்கு வழக்கமா ‘எட்’தான் வால். இது மட்டும் ‘காட்’ ஆனது, ‘பற்று’ன்னு அர்த்தம் கொண்ட பழைய ஆங்கில வினை ‘லேட்ச்’சோட இறந்தகாலத்தைப் பார்த்து. அந்த லேட்ச் இப்போ பெரும்பாலும் கதவுத் தாழ்ப்பாளாத்தான் தொங்குது.

காசிமேட்டான்: 1639 கணக்குல நான் அவுட்டு. எப்படியும் கரையில நாங்க ‘மீன்பாடு எப்படி’ன்னுதான் கேப்போம், கேட்ச்னு இல்ல. ஆனா ‘கேஷ்’? அது காசுதானே?

ராயபுரம் அகராதி: பாதி உங்களுக்கு. சில்லறை நாணயத்துக்கு வெள்ளைக்காரன் சொன்ன ‘கேஷ்’ நம்ம காசுதான், போர்ச்சுகீசியன் வாய் வழியாப் போனது. செக்கை மாத்துற கேஷ் வேற, அது பணப்பெட்டிக்கான பிரெஞ்சுச் சொல்.

காசிமேட்டான்: பாதி போதும்பா.