தீ தாங்கும் லாக்கருக்குள் ஈரம்: வெள்ளி கறுக்குது, பத்திரத்தில் பூஞ்சைப் புள்ளி. என்ன பண்ணலாம்?

முதல்_மாடி
வணக்கம். வீடு சென்னையில், முதல் மாடி. வாங்கி நாலு மாசமான தீ தாங்கும் எலக்ட்ரானிக் லாக்கர். உள்ளளவு சுமார் 50 லிட்டர், எடை 60 கிலோ. படுக்கையறை கப்போர்டின் கீழ்த்தட்டில் சும்மா வச்சிருக்கு, போல்ட் அடிக்கலை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை.

உள்ளே தங்க நகை, முத்துமாலை, வெள்ளிக் கொலுசு, குத்துவிளக்கு, கிரயப் பத்திரம், நகைக்கடை பில்கள், ஒரு பென் டிரைவ். கொலுசு கறுத்துப் போச்சு. பத்திரத்தின் ஓரத்தில் பச்சையா சின்னச் சின்னப் புள்ளி. பில்லில் எழுத்து மங்குது. போதாததுக்கு, சில நாள் நம்பர் சரியா போட்டாலும் பீப் மட்டும் வருது, கதவு திறக்கலை. லாக்கரே பழுதா?

பூட்டுக்கடை
லாக்கர் பழுதில்லை சார். தீ தாங்கும் லாக்கரின் குணமே இது. இரண்டு தகட்டுக்கு நடுவில் ஊற்றியிருக்கும் கலவை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தீப்பிடித்தால் அது ஆவியாகி உள்ளே சூடு ஏறாமல் தடுக்கும். சாதாரண நாளிலும் அந்த ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியும். புது லாக்கரில் இன்னும் அதிகம். கதவு இறுக்கமாக மூடுவதால் வெளியேற வழியில்லை. குளியலறைச் சுவரை ஒட்டி வைத்தது அதற்கு மேல்.

எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கதவைத் திறந்துபோட்டு இரண்டு நாள் ஃபேன் ஓடட்டும். ஆள் இல்லாத அறையில் வேண்டாம். பிறகு காற்றின் ஈரத்தை அளக்கும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி, காலி லாக்கருக்குள் வைத்து ஒரு நாள் மூடி, திறந்த உடனே எண்ணைப் பாருங்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் அறையின் ஈரத்தைத்தான் காட்டும்.

பீப் வந்து திறக்காததற்குப் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். பீப் அடிக்க, விளக்கு எரிய கொஞ்சம் மின்சாரம் போதும். உள்ளே தாழை விடுவிக்கும் காயிலுக்கோ மோட்டாருக்கோ அது போதாது. நாலு செல்லையும் ஒன்றாக மாற்றுங்கள், அல்கலைன் மட்டும். ரீசார்ஜபிள் செல் போட்டால் ஆறு வோல்ட்டுக்குப் பதில் 4.8தான் கிடைக்கும். புது செல்லிலும் அப்படியே என்றால், உள்ளே சாமான் கதவை முட்டித் தாழை நெருக்குகிறது. கதவை உள்பக்கமாக அழுத்திக்கொண்டே கைப்பிடியைத் திருப்புங்கள்.

இன்னொன்று. மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது? லாக்கருக்குள்ளேயே போட்டு மூடியவர்கள்தான் பாதிப்பேர்.

கொலுசு_பாலிஷ்
வெள்ளி கறுக்க ஈரம் மட்டும் காரணம் இல்லைங்க. காற்றில் இருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்துதான் அந்தக் கறுப்பு வருது. ஈரம் அதை வேகப்படுத்தும். கொலுசை எதில் சுத்தி வச்சிருக்கீங்க? ரப்பர் பேண்டு, நியூஸ்பேப்பர், கம்பளித் துணி மூணும் ஆகாது. ஒவ்வொரு ஜோடியையும் சுத்தமான பருத்தித் துணியில் சுத்தி, ஜிப் வச்ச பாலித்தீன் கவரில் காற்றை அமுக்கி எடுத்துட்டு மூடுங்க.

இப்ப கறுத்ததை எடுக்க: பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரிச்சு, ஒரு லிட்டர் நல்லா சூடான தண்ணி, ரெண்டு மேசைக்கரண்டி சோடா உப்பு. வெள்ளி அந்தத் தாளைத் தொட்டபடி இருக்கணும், தொடாட்டி வேலை நடக்காது. அஞ்சு நிமிஷத்தில் அழுகின முட்டை வாடை வரும். அது கந்தகம் கிளம்புற வாடை, பயப்பட வேண்டாம். கழுவி, ஈரம் துளியும் இல்லாம துடைச்சு வைங்க. எனாமல் போட்டது, கல் பதிச்சது, வேணும்னே கறுப்பேத்தின ஆக்ஸிடைஸ்டு வேலை, இது எதையும் இதில் முக்காதீங்க. குத்துவிளக்குக்கு விபூதியும் மெல்லிய துணியும் போதும். டூத்பேஸ்ட் கீறும்.

தங்கத்தில் ஒரு எச்சரிக்கை: உள்ளே அரக்கு நிரப்பின நகை இருந்தா வெந்நீர் பக்கமே கொண்டு போகாதீங்க. அரக்கு இளகினா கல் ஆடும், எடையும் குறையும்.

முதல்_மாடி
நன்றி. செல் மாத்தினதும் பூட்டு சரியாயிடுச்சு. மாற்றுச் சாவி உள்ளேதான் இருந்தது, எடுத்தாச்சு. கொலுசைப் பழைய பேப்பரில்தான் சுத்தியிருந்தேன். காலி லாக்கரில் ஈரம் 78 சதவீதம் காட்டுது, அறையில் 64. அரிசி மூட்டை கட்டிப் போடலாமா? கல் உப்பு?

காகிதக்காரர்
அரிசி வேண்டாம், பூச்சிதான் வரும். கல் உப்பு ஈரம் ஏறினால் கசியும், இரும்பைத் தின்னும். அடியில் தண்ணீர் சேரும் கால்சியம் குளோரைடு டப்பாக்களும் அதே வகைதான், சாய்ந்தால் முடிந்தது.

சிலிக்கா ஜெல் போடுங்கள், ஆனால் அளவோடு. செருப்புப் பெட்டியில் வரும் 5 கிராம் பொட்டலம் ஒரே நாளில் நிறைந்துவிடும். 50 லிட்டருக்கு 250 கிராமாவது வேண்டும். ஆரஞ்சு நிற வகை வாங்குங்கள், நிறைந்ததும் பச்சையாகும். நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, வீட்டுக்கு வேண்டாம். நிறம் மாறியதும் தட்டில் பரப்பி அவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். பிளாஸ்டிக் பையோடு அவனில் வைக்காதீர்கள். ஈரம் 45 முதல் 50 சதவீதத்தில் நின்றால் நல்லது. 65-ஐத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும்.

முத்துமாலைக்கு மிகையான வறட்சியும் ஆகாது. அதைத் துணிப்பையில் சுற்றி சாதாரண பீரோவிலேயே வைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் திணித்ததுதான் இங்கே பாதிச் சிக்கல். காகிதத்துக்குத் தேவையானது வேறு, வெள்ளிக்குத் தேவையானது வேறு.

பத்திரத்தை நிழலில், ஃபேன் காற்றில் விரித்து உலர்த்துங்கள். வெயிலில் காயவைப்பதும் இஸ்திரி போடுவதும் கூடாது. காய்ந்த பிறகு வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோய், மாஸ்க் போட்டுக்கொண்டு, மென்மையான பிரஷால் ஒரே பக்கமாகத் தட்டிவிடுங்கள். ஈரத்தோடு துடைத்தால் புள்ளி பரவும், முத்திரை மையும் கலையும். லேமினேட் பண்ணவே பண்ணாதீர்கள். ஒட்டினதைப் பிரிக்க முடியாது, முத்திரையையும் கையெழுத்தையும் சரிபார்க்கவும் இடைஞ்சல். பிவிசி கவர் வேண்டாம், நாளானால் மையை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் உறை எழுதுபொருள் கடையிலேயே கிடைக்கும். பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி, வேறொரு இடத்தில் வையுங்கள்.

மங்கும் பில் வெப்பத்தாள், மையில்லாமல் சூட்டில் அச்சடிப்பது. அதைக் காப்பாற்ற வழியில்லை. எழுத்து தெரியும்போதே ஜெராக்ஸ் எடுத்து, போட்டோவும் பிடியுங்கள். நகையில் பொறித்திருக்கும், எழுத்தும் இலக்கமும் கலந்து ஆறு இடம் கொண்ட எச்யூஐடி (ஹால்மார்க் அடையாள எண்) தெரியும்படி ஒரு படம், தராசில் வைத்து ஒரு படம்.

பென் டிரைவ்: காகிதத்துக்கான தீத்தரம் (தீ தாங்கும் அளவுக்கான தரம்) என்றால் உள்ளே சூடு 177 டிகிரியைத் தாண்டாது என்பதுதான் கணக்கு. பென் டிரைவுக்கு அந்தச் சூடு தாங்காது.

துளைமிஷின்
60 கிலோவை ரெண்டு பேர் சாக்கு போட்டு இழுத்துக்கிட்டே போயிடலாம். போல்ட் கட்டாயம். அடித்தகட்டிலோ பின்தகட்டிலோ கம்பெனி விட்ட ஓட்டை இருக்கும். அதைத் தவிர வேற எங்கயும் துளை போடாதீங்க, தீத்தரம் போயிடும். குளியலறைச் சுவரில் அடிக்காதீங்க, பைப் ஓடும். தரையிலதான்.

எல்லாரும் தப்பு பண்றது போல்ட் நீளத்தில். டைல் 10 மிமீ, அதுக்கு அடியில் கலவை 40 மிமீ இருக்கும். 80 மிமீ ஆங்கர் போல்ட் போட்டா, லாக்கர் தகட்டுக்கும் நட்டுக்கும் போனது போக, கான்கிரீட்டில் பிடிக்கிறது விரற்கடை நீளம்தான்; கடப்பாரை போட்டா கையோட வந்துடும். 12 மிமீ தடிமன், 120 மிமீக்குக் குறையாத நீளம் வாங்குங்க. ஸ்லாபோட கனம் தெரிஞ்சுக்காம அதுக்கு மேலயும் போகாதீங்க, கீழ்வீட்டு சீலிங்கில் எட்டிப் பார்க்கும். டைல் வரைக்கும் டைமண்ட் பிட், ஹேமர் ஆஃப். கான்கிரீட் வந்ததும் ஹேமர் போடலாம். ஸ்லாபுக்குள் கரண்ட் பைப் போகும் தடத்தை முதல்லயே கேட்டுக்கோங்க. துளையில் தூசியை ஊதி எடுக்காம போல்ட் இறக்கினா இறுகாது. கப்போர்டு பலகை நடுவில் இருந்தா அந்த இடத்தில் மட்டும் வெட்டி, லாக்கர் நேரா தரையில் உட்காரணும்.

முதல்_மாடி
இவ்வளவுக்கு நகையை பேங்க் லாக்கரிலேயே வச்சுடலாமோன்னு தோணுது.

பூட்டுக்கடை
தினம் போடாத நகைக்கு அதுதான் சரி. ஆனால் விதியைத் தெரிந்துகொண்டு போங்கள். ரிசர்வ் வங்கியின் 2021 ஆகஸ்ட் சுற்றறிக்கைப்படி, 2022 ஜனவரி 1 முதல், தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி இவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 என்றால் 3 லட்சம். இன்றைய விலைக்கு அது எத்தனை சவரன் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சேதத்துக்குப் பொறுப்பில்லை. அதனால் கிளையின் லாக்கர் அறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளம் பார்த்த ஊர் இது. உள்ளே இருக்கும் பொருளுக்கு வங்கி காப்பீடு எடுக்காது, நீங்கள்தான் தனியாக எடுக்க வேண்டும். ரொக்கம் வைக்க அனுமதி இல்லை. ஒவ்வொரு முறை லாக்கர் திறந்ததும் அன்றைக்குள் உங்களுக்கு எஸ்எம்எஸ் வரவேண்டும். வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். நியமனதாரர் பெயரைப் பதிய மறக்காதீர்கள்.

வீட்டு லாக்கருக்கு இன்னொரு வேலை பாக்கி. கம்பெனி போட்டுக் கொடுத்த மாஸ்டர் நம்பரையும் மாற்றினீர்களா? பயனர் நம்பரை மட்டும் மாற்றினால் அது அப்படியே உயிரோடு இருக்கும், அந்த மாடல் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த நம்பர். கையேட்டில் வழி இருக்கும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே மாற்றி, திறந்த நிலையிலேயே மூன்று முறை பூட்டித் திறந்து பார்த்த பிறகுதான் மூட வேண்டும்.