ஒற்றை டிரைவர் ஸ்பீக்கர்: எம்.டி.ஆர். சரி, செண்டைமேளம்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

பெட்டிக்கு எட்டு அங்குல ஃபுல்ரேஞ்ச் டிரைவர், அதாவது தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை தானே தரும் ஒலிப்பான், ஒன்றுதான். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எதைப் போட்டுக் கேட்பீர்கள் என்று.

என் வீட்டில் அதிகம் ஓடுவது கர்நாடக சங்கீதப் பாடகர் எம்.டி.ராமநாதன். எங்கள் பாலக்காட்டு மஞ்சப்ராக்காரர், விடமுடியுமா? சாதாரண ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிக்கான வூஃபரும் உச்ச ஒலிக்கான ட்வீட்டரும் பெரும்பாலும் 2,000 - 3,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் கைமாறும். காது கூர்மையாக இருக்கும் இடமும் அதுவே. ஒற்றை டிரைவரில் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் இல்லை, கைமாற்றமும் இல்லை. அந்த மந்தரக் குரலும் அதன் மூச்சும் ஒரே கோனிலிருந்து ஒன்றாக வருகின்றன. இந்த வகையில் பல டிரைவர்கள் ஒரு வாட்டிலேயே (ஒரு மீட்டர் தூரத்தில்) 95 டெசிபலைத் தாண்டுபவை என்பதால் 300பி என்ற வால்வு போட்ட எட்டு வாட்ஸ் ஆம்ப் தாராளம்.

மிருதங்கத்தில்தான் இடிக்கும். வலப்பக்கமான வலந்தலை பளிச்சென்று விழும், தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கமான தொப்பி மெலியும். தாழ்ந்த ஒலி பெட்டியின் முன்பலகையைச் சுற்றிப் பின்னால் போய்விடுவதே காரணம். கம்பிச்சுருளும் ரெசிஸ்டரும் போட்டு மேல் ஒலியை அடக்கிச் சரிக்கட்டலாம். ஆனால் 6 டெசிபல் வரை காவு கொடுக்க வேண்டும். அப்புறம் அந்தச் சின்ன ஆம்ப் திணறும்.

செண்டைமேளம் போட்டால் இன்னும் மோசம். தாழ்ந்த ஒலி தரும் வீக்கன் செண்டைக்காகக் கோன் முன்னும் பின்னும் ஆடும்போதே இலத்தாளம் என்ற கைத்தாளத்தின் கிணுகிணுப்பையும் அதே கோன் சுமக்க வேண்டும். சத்தம் ஏற ஏற எல்லாம் குழம்பும். போதாததற்கு, இவ்வளவு அகலக் கோன் மேல் ஸ்தாயியை டார்ச் வெளிச்சம்போல நேராகத்தான் அடிக்கும். நடு நாற்காலிக்காரருக்கு விருந்து, ஓரத்தில் இருப்பவருக்கு மிச்சம்.

செங்கோட்டையிலிருந்து:

அண்ணே, நாகஸ்வரம் போட்டுப் பாருங்கள். உச்ச ஒலிக்காக நடுவில் விஸ்ஸர் என்ற சின்னக் கோன் வைத்த டிரைவர்கள் சிலவற்றில் மேல்-நடு ஒலி தூக்கலாக இருக்கும். இந்த வகைக்குப் பேர்போன லௌதர் கம்பெனியின் ரசிகர்களே அதைக் ‘கத்தல்’ என்பார்கள். நாகஸ்வரத்துக்கு அது தாங்காது. ஸ்பீக்கரைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வைத்தால் அடங்கும்.

கோனின் பின்பக்க ஒலியை நீண்ட குழல் வழியாக வெளியே விடும் பேக்லோடட் ஹார்ன் பெட்டியில் பேஸ் வரும், ஆனால் அது பெரிய பெட்டி. வீட்டில் பீரோவை வெளியே எடுக்கச் சம்மதித்தால் செய்யலாம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

பீரோ நடக்காது தம்பி. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே தனி ஆம்ப் போட்டு ஒரு வூஃபரிடம் விட்டுவிட்டேன். குரல் பகுதியில் கைவைக்கவில்லை, கோனுக்கும் ஆட்டம் குறைந்தது. ‘அப்படியானால் அது ஒற்றை டிரைவரே இல்லை’ என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும், தொப்பி கேட்கிறது.