பராமரிப்பு ரோபோக்கள் பாரோ, காஸ்பர், நாவ்: பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

வேப்பங்காற்று:
டிமென்ஷியா (மறதிநோய்) இல்லங்களில் பாரோவைக் கையாளும் முறை பற்றி மட்டும் எழுதுகிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: ஜப்பானின் ஏஐஎஸ்டி ஆய்வு நிறுவனத்தில் தகனோரி ஷிபாதா 1993-ல் தொடங்கிய வேலை இது. வெள்ளை ரோமம் போர்த்திய ரோபோ, ஹார்ப் சீல் என்ற கடல்விலங்கின் குட்டி வடிவம். ஏன் சீல்? நாயும் பூனையும் எப்படி நடந்துகொள்ளும் என்று எல்லாருக்கும் தெரியும். இயந்திரம் அதில் கொஞ்சம் பிசகினாலும் "பொம்மை" என்று தள்ளிவிடுவார்கள். சீல் குட்டியை மடியில் வைத்துப் பழகியவர் யார் இருக்கிறார்?

எடை 2.7 கிலோ. கேட்க லேசு, ஆனால் வற்றிய தொடைமேல் கால் மணி நேரம் கிடந்தால் கனக்கும். தலையணை போட்டு அதன்மேல் வையுங்கள், அல்லது சக்கர நாற்காலியின் பலகையில். பக்கவாட்டிலிருந்து நீட்டாதீர்கள். இந்த நோயில் ஓரப் பார்வை குறுகிவிடும், திடீரென்று ஏதோ மேலே விழுந்ததாகப் பதறுவார்கள். எதிரே உட்கார்ந்து, முதலில் நீங்கள் தடவிக் காட்டி, "தொட்டுப் பாக்குறீங்களா பாட்டி?" என்று கேட்ட பிறகு கொடுங்கள்.

கெடுவது பெரும்பாலும் முடிக்கும்போதுதான். வெடுக்கென்று பிடுங்கினால் அதுவரை இருந்த அமைதி மொத்தமும் போய்விடும். கையில் டீயோ மடிக்கத் துண்டோ வந்த பிறகு, "இவனுக்குத் தூக்கம் வந்துருச்சு" என்று சொல்லி வாங்கணும். சார்ஜரே சூப்பான் வடிவத்தில் வாய்க்குள் போவதால் அந்தப் பேச்சு பொருந்தியும் போகும். உயிருள்ளது என்று நம்புகிறவர்கள் இட்லியை ஊட்டப் பார்ப்பார்கள், அதனால் சாப்பாட்டு வேளையில் வேண்டவே வேண்டாம். தோலைக் கழற்றி வாஷிங் மெஷினில் போட முடியாது. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகுமுன் கிருமிநாசினித் துணியால் துடைத்துக் காயவிடணும். வயிற்றுப்போக்கோ திறந்த புண்ணோ இருப்பவருக்கு அன்றைக்கு விடுமுறை.

நிறைகோல்:
வேப்பங்காற்று அக்கா சொன்னதோடு, பாரோ பற்றிப் பேசுகிற எல்லாரும் ஒருமுறை படிக்க வேண்டிய சோதனை ஒன்று. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் வெண்டி மோய்ல் குழு செய்தது, 2017-ல் வெளிவந்தது. குயின்ஸ்லாந்தில் 28 இல்லங்கள், 415 பேர். மூன்று பிரிவு: பாரோ, இயக்கம் முடக்கப்பட்ட அதே பாரோ, வழக்கமான பராமரிப்பு. அமர்வு 15 நிமிடம், வாரம் மூன்று, பத்து வாரம்.

உயிர்நாடியே அந்த இரண்டாவது பிரிவுதான். அது இல்லாவிட்டால் பலன் மோட்டாருக்கா ரோமத்துக்கா என்று சொல்லவே முடியாது. வீடியோவைப் பார்த்துக் குறித்ததில், வழக்கமான பராமரிப்பைவிடப் பாரோ பிரிவில் மகிழ்ச்சி கூடியது, பதற்றம் குறைந்தது. முடக்கிய பொம்மையோடு ஒப்பிட்டால், பேச்சிலும் பார்வையிலும் ஈடுபாடு பாரோவுக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் பதற்றத்தை அளக்கும் கோஹன்-மான்ஸ்ஃபீல்ட் படிவத்தில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. கையில் இருக்கிற நேரத்துக்கு உதவுகிறது, நாள் முழுக்கத் தங்கவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இன்னொன்று, அந்த அமர்வுகளில் கூடவே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க ஆள் இல்லை. அக்கா எழுதிய முறையில் ஆள் உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காதீர்கள்.

திருகாணி:
ஆட்டிசக் குழந்தைகள் பக்கம், மனித வடிவ நாவ் ரோபோ. 58 செ.மீ. உயரம், 25 மூட்டு. பழுதுகளை மட்டும் சொல்கிறேன்.

நின்றபடியே வைத்திருந்தால் முழங்கால் மோட்டார் சூடேறும். எச்சரிக்கை வந்த பிறகும் விட்டால் மூட்டு தளர்ந்து மடங்கும். ஒரு குழந்தை கண்முன்னால் அது சரிந்து விழுந்தால் அடுத்த வாரம் அந்த அறைக்குள் வர மாட்டாள். குந்திய நிலையில் வைத்து கால் மோட்டார் இறுக்கத்தை எடுத்துவிடுங்கள், பேசும்போது கையும் தலையும் அசைந்தால் போதும். சாய்ந்தாலும் அடிபடாத மாதிரி கீழே ரப்பர் பாய்.

மைக் தலையில், குளிர்விக்கும் விசிறியும் தலையில். குழந்தையின் மெல்லிய பேச்சு அந்த இரைச்சலில் அமுங்கிவிடும். பேச்சறிதலை நம்பாமல், மறைவில் ஒருவர் லேப்டாப்பில் பதிலைத் தேர்ந்தெடுப்பதுதான் ஆய்வுகளில் நடப்பு. தோல்பாவைக்கூத்து மாதிரிதான், திரைக்குப் பின்னால் ஆள் உண்டு. வைஃபை திணறினால் பதில் தாமதமாகும், குழந்தை எழுந்து போயிருக்கும். தலையின் பின்புறம் ஈதர்நெட் துளை இருக்கிறது, கம்பி போட்டு ஓட்டுங்கள். ஆய்வறிக்கையில் "ரோபோ பதிலளித்தது" என்று எழுதும்போது பதிலைச் சொன்னது யார் என்றும் எழுதணும். பல பேர் எழுதுவதில்லை.

பல்லாங்குழி:
திருகாணி சார், காஸ்பரை விட்டுவிட்டீர்கள். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் டாட்டன்ஹான் குழு 2005 முதல் வளர்த்த, குழந்தை உருவ ரோபோ. ரப்பர் முகத்தில் உணர்ச்சியை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறார்கள். மனித முகத்தில் ஒரே நேரத்தில் நூறு அசைவு, இதில் இரண்டோ மூன்றோதான். கிள்ளினால் வலிக்கிறது என்று சொல்லி முகத்தை மூடிக்கொள்ளும். எந்த அழுத்தத்தில் தொட்டால் பிறருக்கு வலிக்கும் என்பதைச் சொல்லித்தர அது ஒன்றே போதும். நிஜக் குழந்தையை வைத்துச் சொல்லித்தர முடியாத பாடம்.

அளக்கும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. குழந்தை ரோபோவை உற்றுப் பார்த்த விநாடிகளை எண்ணி "கண்தொடர்பு முன்னேற்றம்" என்று எழுதுவது ஏமாற்று. புதுப் பொருள், பார்க்கத்தான் செய்யும். ரோபோ அறையில் இல்லாதபோது அம்மா கை காட்டிய திசையில் பார்க்கிறாளா என்பதே கேள்வி. யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்காசெலாட்டி குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வு அதைச் செய்தது: 12 குடும்பம், வீட்டிலேயே ஒரு மாதம், தினம் அரை மணி. ரோபோ இல்லாமலும் சோதித்தார்கள். சின்ன எண்ணிக்கை, ஒப்பீட்டுப் பிரிவும் இல்லை. ஆனாலும் கேட்ட கேள்வி சரி.

வீடியோ குறிப்பவர்களுக்கு ஒரு யோசனை. ரோபோ திரையில் தெரிந்தால் எந்தப் பிரிவு என்று குறிப்பவருக்குத் தெரிந்துவிடும். குழந்தை முகம் மட்டும் வருமாறு ஒரு கேமரா தனியாக வையுங்கள், ஒலியை அணைத்துக் கொடுங்கள். ஒரு பங்கு வீடியோவையாவது இருவர் தனித்தனியாகக் குறித்து, காப்பா (தற்செயல் ஒப்புதலைக் கழித்துப் பார்க்கும் அளவு) கணக்கிடணும். வெறும் ஒப்புதல் சதவீதம் போதாது, தற்செயலாகவே பாதி ஒத்துப்போகும்.

திருகாணி:
காஸ்பர், ஒப்புக்கொள்கிறேன். வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று மட்டும். யேல் ஆய்வில் இருந்தது ஜிபோ என்ற வீட்டு ரோபோ. கம்பெனி மூடி, 2019-ல் அதன் சர்வர்களும் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. குழந்தைகளுக்கான மாக்ஸி ரோபோ, 799 டாலர், 2024 டிசம்பரில் கம்பெனி மூடுவதாக அறிவித்தது. அதன் பேச்சு முழுக்க கிளவுடில், அதாவது இணையம் வழி வெளி சர்வரில், ஓடியது. தினமும் அதோடு பேசிப் பழகிய பிள்ளைக்கு அதைச் சொல்லிப் புரியவைக்கிற வேலை பெற்றோர் தலையில் விழுந்தது. பாரோவுக்கோ, பேட்டரியில் ஓடும் ஜாய் ஃபார் ஆல் ரோபோ பூனைக்கோ இணையமே வேண்டாம்.

விற்பவர் செய்துகாட்ட வரும்போது நடுவில் ரூட்டரை அணைத்துப் பாருங்கள்.