வால்பாறைப் பயணமும் பிள்ளைகளின் கைப்பேசியும்: ஆலோசனை தேவை

கேள்வி: தாம்பரம்வாசி

அனைவருக்கும் வணக்கம். மே மாத விடுமுறையில் குடும்பத்துடன் நான்கு நாள்கள் வால்பாறை செல்லவிருக்கிறோம். மகனுக்கு 15 வயது, மகளுக்கு 13. சென்ற ஆண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலை ரயிலில் சென்றபோது, சன்னலோர இருக்கையை மகனுக்கென்றே விட்டுக்கொடுத்தேன். கல்லாறு தாண்டிப் பற்சக்கரப் பாதை தொடங்கி, நீராவி என்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளை மேலே தள்ள ஆரம்பித்ததும் எங்கள் பெட்டியிலிருந்த அத்தனை பேரும் ஆரவாரம் செய்தார்கள். அவன் மட்டும், திரையில் வெயில் படாமலிருக்க ஒரு கையைக் குடை போலக் கவித்துக்கொண்டு, யாருக்கோ எதையோ அனுப்பிக்கொண்டிருந்தான். ஹில்குரோவ் நிலையத்தில் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றபோது இறங்கி வரச் சொன்னேன். "இப்போதுதான் சிக்னல் வந்திருக்கிறது" என்று பதில் வந்தது.

இம்முறை இருவரின் கைப்பேசிகளையும் வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போகலாம் என்கிறார் என் கணவர். அப்படிச் செய்தால் நான்கு நாள்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்களோ என்று தயங்குகிறேன். அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1: கோவைத் தந்தை

சகோதரிக்கு வணக்கம். பூட்டி வைப்பதை நான் செய்து பார்த்துவிட்டேன். இராமேசுவரம் சென்றபோது மகளின் கைப்பேசியைப் பிடுங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். ஆனால் அரிச்சல்முனையில், இருபுறமும் கடல் தெரியும் அந்த மணல் திட்டில் நின்றுகொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை நானே அலுவலக அழைப்புகளில் பேசிக்கொண்டிருந்தேன். "உங்களுக்கு வந்தால் வேலை, எனக்கு வந்தால் கெட்ட பழக்கமா?" என்று அவள் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பழனி மலைக்கோயிலில் 2023 அக்டோபரிலிருந்து கைப்பேசிக்குத் தடை இருக்கிறது. அங்கே அதே மகள் சற்றும் முணுமுணுக்காமல் தன்னுடையதை ஒப்படைத்துவிட்டு வந்தாள். ஏனெனில் வரிசையில் நின்ற பெரியவர்கள் எல்லாரும் ஒப்படைத்தார்கள். எனவே விதி எதுவானாலும் முதலில் உங்கள் கணவருக்குப் பொருந்தட்டும். கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

பதில் 2: பொள்ளாச்சி ஆசிரியை

பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன், ஆண்டுதோறும் மாணவர்களை வால்பாறைக்கு அழைத்துச் செல்பவள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஆழியாற்றுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்தப் பாதையில் மட்டும் யாருமே திரையைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். அதற்கு ஒழுக்கத்தைக் காரணம் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. காதின் உட்பகுதி வண்டி திரும்புவதை உணர்கிறது, கண்ணோ அசையாத திரையைப் பார்த்துக்கொண்டு எதுவும் நகரவில்லை என்கிறது; இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. ஒரு முறை பேருந்தின் பின்னிருக்கையில் கைப்பேசி பார்த்துக்கொண்டு வந்த ஐந்து மாணவர்களில் நால்வர் வாந்தி எடுத்தார்கள், ஐந்தாமவன் தூங்கிவிட்டான். ஒன்பதாவது வளைவில் காட்சிமுனை இருக்கிறது. அதையொட்டிய பாறைச் சரிவுகளில் வரையாடுகள் பல நேரங்களில் கண்ணில் படும். பிள்ளைகளை அங்கே இறக்கிவிட்டால் போதும்.

மேலே சென்ற பிறகு கைப்பேசிக்கு வேலை கொடுங்கள் என்பேன். பறவையின் குரலைக் கேட்டு அதன் பெயரைச் சொல்லும் மெர்லின் என்ற செயலி இருக்கிறது. நம் பகுதிக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத எஸ்டேட்டுகளிலும் அது வேலை செய்யும். இருவாட்சி பறந்தால் செயலிகூடத் தேவையில்லை, அதன் சிறகோசை நீராவி என்ஜின் மூச்சு வாங்குவதைப் போலத் தொலைவிலேயே கேட்கும். (சென்ற ஆண்டு உங்கள் மகன் தவறவிட்ட சத்தம் அது.) புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடப்பதற்காக மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் பாலங்களையும் அவன் படமெடுக்கட்டும்.

இன்னொன்றையும் அவனிடம் சொல்லுங்கள். வால்பாறையில் கைப்பேசி என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. தோட்டங்களையொட்டி யானைக் கூட்டம் வந்தால் மக்களுக்குக் குறுஞ்செய்தி போகிறது. உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகளை நிறுவியிருக்கிறார்கள். அவற்றிலுள்ள சிம் அட்டைக்கு ஒருவர் அழைப்பு விடுத்தால் விளக்கு எரியத் தொடங்கும், யானை அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது என்று வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளர்கள் தெரிந்துகொள்வார்கள். என் மாணவர்கள் அருவியைவிட அந்த விளக்கைத்தான் அதிக நேரம் நின்று பார்த்தார்கள்.

பதில் 3: பன்னிரண்டாம் வகுப்பு

அம்மா, எனக்கு 17 வயது. உங்கள் மகன் ரயிலில் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. ஸ்னாப்சாட்டில் நண்பர்கள் இருவரும் 24 மணி நேரத்துக்குள் ஒருவருக்கொருவர் படம் அனுப்பினால் தொடர் நாள் கணக்கு வளரும். ஒருவர் ஒரு நாள் தவறினாலும் கணக்கு அறுந்துவிடும். எனக்கும் என் நண்பனுக்கும் 412 நாள்கள் ஆகின்றன. பெரியவர்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம், ஆனால் அறுந்துபோனால் சமாதானம் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். காலையில் பத்து நிமிடமும் இரவில் அரை மணி நேரமும் கிடைத்தால், நடுவில் கேட்கமாட்டான் என்றே நினைக்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அவன் படத்தை உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கொடைக்கானலில் நான் குல்லாயுடன் தூங்கி வழிந்த படத்தை எங்கள் உறவினர்கள் முழுவதும் பார்த்துவிட்டார்கள்.

மறுமொழி: தாம்பரம்வாசி

எல்லோருக்கும் நன்றி. தம்பி, நான் ஊகித்தது வேறு, நீ சொன்னதுதான் சரி: அவனிடம் கேட்டேன், 230 நாள்களாம். காலையும் இரவும் நேரம் ஒதுக்குவதாகவும், மலைப்பாதையில் எல்லாருடைய கைப்பேசியும் ஒரே பைக்குள் இருக்கும் என்றும் பேசி முடித்திருக்கிறோம். என் கணவரின் அலுவலகக் கைப்பேசியும் அந்தப் பையில் சேருமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஆசிரியையின் பதிலை மகனுக்கு வாசித்துக் காட்டியபோது, யானை விளக்கிலிருக்கும் சிம் அட்டைக்கு யார் ரீசார்ஜ் செய்கிறார்கள் என்று கேட்டான். தெரிந்தால் எழுதுங்கள்.