எச்ஐவி மாத்திரை டிஎல்டி தொடங்கி 5 வாரம், பேதி நிற்கவில்லை. எதை முதலில் பார்ப்பது?

பென்னாகரம் களப்பணி:
வணக்கம். ஒருவருக்கு எச்ஐவி உறுதியாகி, தர்மபுரி ஏஆர்டி (எச்ஐவி கூட்டு மருந்து சிகிச்சை) மையத்தில் டிஎல்டி (மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை) தொடங்கி 5 வாரம் ஆகிறது. சிடி4 (நோய் எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை) 180. பல வருஷமாக சுகர். அதற்கு மெட்ஃபார்மின் 500 மி.கி. மூன்று வேளை, எழுதியது வேறு டாக்டர். தினம் ஆறேழு முறை தண்ணியாகப் போகிறது. ரத்தமோ காய்ச்சலோ இல்லை. எடை 3 கிலோ இறங்கிவிட்டது. "இந்த மாத்திரைதான் ஒத்துக்கலை" என்று டிஎல்டியை நிறுத்தப் பார்க்கிறார். என்ன சொல்லட்டும்?

ஓசூர் மருந்தாளுநர்:
டிஎல்டியை நிறுத்த விடாதீர்கள். அதனால் வரும் குமட்டலும் பேதியும் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே அடங்கிவிடும். எனக்கு அந்த மெட்ஃபார்மின்மேல்தான் கண். டிஎல்டியில் உள்ள டோலுடெக்ராவிர், சிறுநீரகம் வழியாக மெட்ஃபார்மின் வெளியேறுவதைத் தடுக்கிறது. ரத்தத்தில் அதன் அளவு சுமார் 79 சதவீதம் கூடும். அதனால் இவை இரண்டும் சேரும்போது மெட்ஃபார்மின் நாளுக்கு 1000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. இவர் எடுப்பது 1500. மெட்ஃபார்மின் கூடினால் முதலில் காட்டிக்கொடுப்பதே பேதிதான்.

இரண்டு டாக்டருக்கும் மற்றவர் எழுதிய சீட்டு தெரியாமல் போவதால் வரும் கோளாறு இது. இரண்டு சீட்டையும், மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு நாளைக்கே மையத்துக்கு அனுப்புங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான சீரம் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் சுணங்கி, மெட்ஃபார்மின் மேலும் தேங்கும். வாந்தி, அசதி, மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல் இருந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

கிருஷ்ணகிரி லேப்:
மருந்து சரி. ஆனால் சிடி4 200-க்குக் கீழே இருக்கும்போது கிருமியையும் விலக்கியே ஆக வேண்டும். சாதாரண மல பரிசோதனையில் "ஒன்றும் இல்லை" என்று வந்தால் நம்பி விடாதீர்கள். பேதி உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதில் எளிதில் தப்பிவிடும். சீட்டில் "மாற்றியமைத்த ஆசிட் ஃபாஸ்ட் சாயம்" என்று டாக்டர் தனியாக எழுத வேண்டும். அந்தச் சாயத்தில் கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 மைக்ரானில் சிவந்த குட்டி உருண்டையாகத் தெரியும். சிஸ்டோஐசோஸ்போரா என்ற இன்னொரு ஒட்டுண்ணி அதைவிடப் பல மடங்கு நீளம், முட்டை வடிவம். இதற்கு கோட்ரிமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் கேட்கும். முன்னதற்கு ஏஆர்டியால் சிடி4 ஏறுவதுதான் உண்மையான வைத்தியம். நிறுத்தக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கொடுக்கட்டும். வாய் அகன்ற காய்ந்த டப்பா, சிறுநீர் கலக்கக் கூடாது, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். தடுப்புக்கு கோட்ரிமாக்சசோல் கொடுத்திருப்பார்கள், அதை விழுங்குகிறாரா என்றும் கேளுங்கள்.

அரூர் சத்துணவு:
குளோரின் போட்ட தண்ணீரிலும் கிரிப்டோஸ்போரிடியம் சாகாது. தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் சாகும். நம்ம மாவட்டத்தில் இன்னொன்று: போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், கொதிக்க வைத்தால் அது போகாது. எனவே போர் தண்ணீர் வேண்டாம், ஒகேனக்கல் குடிநீரைக் காய்ச்சி மூடி வைக்கட்டும், டம்ளரை உள்ளே விட்டு மொள்ள வேண்டாம்.

ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்டை முழுசாக 1 லிட்டரில் கரைக்க வேண்டும். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று கண்ணளவில் போட்டால் உப்பு ஏறலாம், குறையலாம். சுகர் இருக்கிறதே என்று பயந்து தவிர்ப்பவர்கள் அதிகம், லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், அதுதான் உப்பைக் குடலிலிருந்து உடம்புக்குள் இழுக்கிறது. களியை நாலு நாள் தள்ளி வைத்து உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மோர் சாதம், வேகவைத்த உருளைக்கிழங்கு கொடுங்கள். பால் வேண்டாம்.

பென்னாகரம் களப்பணி:
ரொம்ப நன்றி. மெடிக்கலில் ஜிங்க் மாத்திரையும், வயிற்றுக்கு பிங்க் சிரப்பும் கொடுத்திருக்கிறார்கள். டிஎல்டியோடு சேர்த்தே குடிக்கிறார்.

ஓசூர் மருந்தாளுநர்:
அதை இன்றே மாற்றுங்கள். அந்த பிங்க் சிரப் வயிற்று அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிட் என்றால், அதில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. ஜிங்க், இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் அப்படியே. டிஎல்டி ராத்திரி 9 மணிக்கு என்றால் இவற்றை மதியம் 3 மணிக்குள் முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டிஎல்டி போட்டு 2 மணி நேரம் கழித்து.