உலோகக் கண்ணாடி விட்டுவிட்டுச் சறுக்குவது மிஷினாலா, தன் குணத்தாலா?

தருமபுரி மாணவி:
சிர்கோனியம் என்ற உலோகம் கலந்த உலோகக் கண்ணாடி, அதாவது சன்னல் கண்ணாடி அல்ல, அணுக்கள் வரிசையில்லாமல் உறைந்த உலோகக் கலவை. அந்தக் கம்பியில் வெட்டிய துண்டு, 2 மி.மீ. விட்டம், 4 மி.மீ. உயரம். அழுத்திச் சோதிக்கும் மிஷினில் வைத்து, நொடிக்கு 0.0004 மி.மீ. வேகத்தில் அழுத்தினேன். உயரம் 2% அமுங்கும் வரை வரைபடத்தில் லோடு கோடு நேராக ஏறியது. அரை டன்னைத் தாண்டியதும் ரம்பப் பல் மாதிரி லோடு இறங்கி ஏறியது. ஒவ்வொரு இறக்கமும் ஒரு சறுக்கல். இது பொருளின் குணம் என்கிறேன்.

ஓசூர் டூல்ரூம்:
இல்லை தங்கச்சி. லோடு ஏறும்போது துண்டு மட்டும் அமுங்குவதில்லை, மிஷினின் தூண்களும் துளி நீள்கின்றன. உள்ளே சறுக்கல் தொடங்கியதும் தூண்கள் சுருங்கி, சேர்த்து வைத்த ஆற்றலைத் துண்டின் மேல் இறக்கிவிடும். தூண்கள் சேர்ந்த மிஷினின் ஃப்ரேம் கெட்டியானால் சறுக்கல் சின்னதாகும். நீ அளந்தது மிஷினைத்தான்.

தருமபுரி மாணவி:
அதே மிஷினில் செம்பை வைத்தேன் அண்ணா. கோடு வழுவழுவென்று போனது. தூண்கள் அதேதானே?

ஓசூர் டூல்ரூம்:
செம்பு அமுங்க அமுங்க இறுகும். நகர்ந்த இடம் கெட்டியாகி, அடுத்த இடம் நகரும். கண்ணாடியோ நகர்ந்த இடத்திலேயே இளகுகிறது.

தருமபுரி மாணவி:
அந்த இளக்கம் யாருடைய குணம்? அதைத்தானே நானும் சொல்கிறேன்! கண்ணாடியில் அணுக்கள் வரிசையாக இல்லை. சில பத்து அணுக்கள் கூட்டமாக இடம் மாறி, பக்கத்துக் கூட்டத்தைத் தள்ளும். கடைசியில் 10 முதல் 20 நானோமீட்டர் தடிமனில் ஒரு பட்டை துண்டையே குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும். 2006-ல் லெவன்டோவ்ஸ்கி, கிரீர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மேலே வெள்ளீயம் பூசிச் சோதித்தார்கள். பட்டை ஓடிய இடத்தில் பூச்சு உருகியிருந்தது. வெள்ளீயம் உருக 232 டிகிரி செல்சியஸ் வேண்டும். அவ்வளவு சூடு அந்த மெல்லிய பட்டையில்!

கிருஷ்ணகிரி குவாரி:
கருங்கல்லில் ஆப்பு இறக்கும்போது, பிளப்பதற்கு முன் டக் டக்கென்று சத்தம் வரும். அது மாதிரியா?

தருமபுரி மாணவி:
கொஞ்சம். சின்னது நிறைய, பெரியது அபூர்வம், நிலநடுக்கமும் அப்படித்தான். ஆனால் கல்லில் விரிசல் திறக்கிறது, இங்கே வழுக்குகிறது. இன்னொன்று: வேகமாக அழுத்தினால் இந்தப் பற்கள் மங்கிவிடுகின்றன. மிஷின் மட்டும்தான் காரணம் என்றால் அவை ஏன் மங்க வேண்டும்?

ஓசூர் டூல்ரூம்:
சரி, தொடக்கம் பொருளுடையது. அளவு மிஷினுடையது, அதை விட மாட்டேன். அதே கம்பியை 1 மி.மீ. விட்டம், 2 மி.மீ. உயரமாக்கி அழுத்திப் பார். துண்டு மெலிந்தால் அதற்கு எதிரே ஃப்ரேம் கெட்டியாகிவிடும், இறக்கமும் சிறுக்கும். சென்டர்லெஸ் கிரைண்டரில் நானே தேய்த்துத் தருகிறேன். சூட்டைத் தணிக்கும் கூலன்ட் நிறைய விட வேண்டும், சூடேறினால் அணுக்கள் வரிசைகட்டிப் படிகமாகிவிடும்.

தருமபுரி மாணவி:
சனிக்கிழமை கம்பியோடு ஓசூர் பஸ் ஏறுகிறேன் அண்ணா. பற்கள் சிறுத்தால் போதாது, அடியோடு மறைந்தால்தான் என் வாதத்தை விடுவேன்.